பழுதானால் நிற்க வேண்டும்: பெஞ்சின் மேல் ஒரு தானியங்கி ரயில்பாதை

கரையான்சாவடி சாலையின் நடுவே உயர்ந்து நிற்கும் மெட்ரோ தூண்களைப் பார்த்துக்கொண்டேதான் எங்கள் மாணவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். கலங்கரை விளக்கத்தையும் பூந்தமல்லியையும் இணைக்கும் ஏறக்குறைய 26 கிலோமீட்டர் வழித்தடம் இது. இதில் ஓடுவதற்கான மூன்று பெட்டி ரயில்கள் ஓட்டுநர் இல்லாமல் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. 2025 மார்ச் 20 அன்று பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே முதல் சோதனை ஓட்டம் நடந்தது. அதன் பிறகு ஏழாம் வகுப்பில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: "டிரைவர் இல்லாம அது எப்படி சார் நிக்கும்?"

எப்படி ஓடும் என்று அவர்கள் கேட்கவில்லை, எப்படி நிற்கும் என்றுதான் கேட்டார்கள். ரயில்வே தொழில்நுட்பத்தின் மையமே இந்தக் கேள்விதான். ஒரு பெஞ்சின் அகலத்துக்குள் அடங்கும் மாதிரி ரயில்பாதையைக் கொண்டு இதற்கு விடை தேடிய செயல்பாட்டை இங்கே பகிர்கிறேன். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை இதைப் பயன்படுத்தலாம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு முதல் கட்டம் மட்டுமே போதும்.

இடம் எவ்வளவு? ஒரு விகிதக் கணக்கு

மாதிரி ரயில் என்றதும் வட்டமான தண்டவாளமும் பெரிய மேசையும் நினைவுக்கு வரும். புணேயின் கோத்ரூட் பகுதியில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு நகரத்தையே அமைத்து, அதனூடே ரயில்களைத் தானாக ஓடவிட்டிருக்கிறார்கள். நம் வகுப்பறையில் அதற்கு இடமில்லை. எவ்வளவு இடம் வேண்டும் என்பதை மாணவர்களே கணக்கிடட்டும்.

உலகில் பரவலாகப் பயன்படும் மாதிரி ரயில் அளவு 1:87. மெட்ரோ ஓடும் நிலையான அகலப் பாதையில் தண்டவாள இடைவெளி 1435 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. நம் ஆவடி, அம்பத்தூர் வழியாக ஓடும் புறநகர் ரயில்களின் பாதை இந்திய அகலப் பாதை. அதன் இடைவெளி 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. ஆகவே, கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளம் மெட்ரோவுக்குச் சரியாகப் பொருந்தும், ஆவடி ரயிலுக்குப் பொருந்தாது. விகிதம் கற்கும் மாணவருக்கு இது நல்ல கணக்கு.

அடுத்து நீளம். ஒரு விரைவு ரயில் பெட்டி, இணைப்பையும் சேர்த்து ஏறத்தாழ 24 மீட்டர். 24 பெட்டிகளுக்கு 576 மீட்டர். 1:87 அளவில் அது 6.6 மீட்டர். எங்கள் வகுப்பறையின் பக்கம் 20 அடி, அதாவது 6.1 மீட்டர். மாதிரி ரயில்கூட அறைக்குள் அடங்காது! மாறாக, நாம் எடுத்துக்கொண்ட 122 செ.மீ. (4 அடி) பலகை உண்மையில் 106 மீட்டர் பாதையைத்தான் குறிக்கும்.

எனவே நீளத்தையும் வளைவையும் அப்படியே காட்டும் முயற்சியை விட்டுவிடலாம். அளவு எவ்வளவு சிறிதானாலும் மாறாமல் நிற்பது ஒன்று உண்டு. அது பாதுகாப்பு விதி: ஒரு பிரிவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்க வேண்டும். அதைக் காட்ட நேரான ஒரே பாதையும், இரு முனைகளுக்கிடையே போய்வரும் ஒரே வண்டியும் போதும்.

தேவையான பொருள்கள்

4 அடி நீளம், 6 அங்குல அகலமுள்ள பலகை அல்லது கெட்டி அட்டை, சமையலறை அலுமினியத் தாள், பச்சை எல்.இ.டி. 3, 220 ஓம் மின்தடை 3, மூன்று பேட்டரி போடும் கூடு 3, பேட்டரிகள், பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் சிறிதளவு, பாட்டில் மூடிகள், அட்டைப்பெட்டி, கிளிப்புகள், ஒயர். இரண்டாம் கட்டத்துக்கு மட்டும்: மஞ்சள் நிறக் கியர் மோட்டார் ஒன்று, மோட்டார் டிரைவர் பலகை, ஆர்டுயினோ ஒன்று, ஒளி உணரி (எல்.டி.ஆர்.) 3, 10 கிலோ ஓம் மின்தடை 3, முனைச் சுவிட்சு 2.

முதல் கட்டம்: தண்டவாளமே சொல்லும்

1872இல் அமெரிக்காவின் வில்லியம் ராபின்சன் ஒரு சுற்றுக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தின் ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே. பாதை காலியாக இருக்கும்போது மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தில் போய், ரிலே வழியாக மற்றொரு தண்டவாளத்தில் திரும்பும். ரிலே இயங்கினால்தான் 'பாதை காலி' என்று பொருள். வண்டி உள்ளே வந்ததும் அதன் இரும்புச் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்னோட்டம் அந்தக் குறுக்குவழியிலேயே திரும்பிவிடும்; ரிலே விழும்; சிக்னல் சிவப்பாகும். இதுவே தண்டவாளச் சுற்று. இன்றும் பல இடங்களில் பயன்படுகிறது.

இதை வகுப்பில் செய்வது எளிது. 1 செ.மீ. அகலத்தில் அலுமினியத் தாளை வெட்டி, 3 செ.மீ. இடைவெளியில் இரு பட்டைகளாகப் பலகையில் ஒட்டவும். இரு பட்டைகளையும் ஒரே இடங்களில் 5 மி.மீ. அகலத்துக்கு வெட்டி மூன்று பிரிவுகளாக்கவும்: இரு ஓரங்களிலும் நீளமான பிரிவு, நடுவில் குட்டையான பிரிவு. மாணவர்கள் ஓரப் பிரிவுகளுக்குப் பூந்தமல்லி, கரையான்சாவடி என்றும் நடுப்பிரிவுக்கு முல்லைத்தோட்டம் என்றும் பெயர் வைத்தார்கள்.

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முனையில் 4.5 வோல்ட் பேட்டரியை 220 ஓம் மின்தடை வழியாக இணைக்கவும். மறுமுனையில் இரு பட்டைகளுக்கும் குறுக்கே பச்சை எல்.இ.டி. வைக்கவும். அலுமினியத்தில் ஈயப் பற்று பிடிக்காது. ஒயரைத் தாளோடு மடித்துக் கிளிப் போடுவதே நல்லது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பேட்டரி வேண்டும், ஒன்றோடொன்று எங்கும் இணையக்கூடாது.

அட்டை வண்டியின் அடியில் முன்னும் பின்னும் ஸ்டீல் நாரை ஒட்டி, அது இரு பட்டைகளையும் தொட்டுக்கொண்டு போகும்படி செய்யவும். வண்டியைக் கையால் தள்ளினாலே போதும். அது நுழையும் பிரிவின் பச்சை அணையும், வெளியேறியதும் எரியும். மின்தடை இருப்பதால் குறுக்குச் சுற்றிலும் ஏறத்தாழ 20 மில்லி ஆம்பியர்தான் பாயும்.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: "வண்டி வந்தால் விளக்கு எரியும்படி செய்திருக்கலாமே, ஏன் அணையும்படி செய்தார் ராபின்சன்?" விடையை நாம் சொல்ல வேண்டாம். அடுத்த பாடவேளையே அதைச் சொல்லிவிடும்.

கெடுத்துப் பார்க்கும் பாடவேளை

மாணவர்களை நான்கைந்து குழுக்களாகப் பிரித்து, பாதையைக் கெடுக்கச் சொல்லுங்கள். வண்டி எதுவும் பாதையில் இல்லாதபோது, ஒவ்வொரு குழுவும் ஒரு பழுதை உண்டாக்க வேண்டும். விளக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுச் செய்து பார்க்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றினால் பச்சை அணைகிறது. ஒயரைப் பிடுங்கினால் அணைகிறது. பட்டையை நடுவே வெட்டினால், அதாவது தண்டவாளம் உடைந்தால், அணைகிறது. எல்.இ.டி. கெட்டுப்போனாலும் அணைகிறது. எரியாத சிக்னலைச் சிவப்பாகவே கொள்ள வேண்டும் என்பது ரயில்வேயின் விதி. ஆகவே இந்த நான்கு பழுதுகளிலும் ரயில் நிற்கும். வண்டி வந்தால் எரியும் விளக்காக அமைத்திருந்தால் இதே பழுதுகளில் விளக்கு எரியாமல் இருக்கும். 'பாதை காலி' என்று நம்பி அடுத்த ரயில் உள்ளே போய்விடும். மாணவர்கள் இதைத் தங்கள் அட்டவணையிலிருந்தே படித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி வேறு வழியில் யோசித்தாள். பட்டையின் மேல் செல்லோ டேப்பை ஒட்டி, அதன்மேல் வண்டியை நிறுத்தினாள். வண்டி உள்ளே நிற்கிறது, பச்சையும் எரிகிறது! வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. உண்மையான தண்டவாளத்தில் துரு ஏறினாலோ அழுக்குப் படிந்தாலோ இதே ஆபத்து உண்டு. அதனால்தான் பல இடங்களில் தண்டவாளச் சுற்றுக்குப் பதிலாக, உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் எண்ணி ஒப்பிடும் அச்சு எண்ணிகளை வைக்கிறார்கள். பழுதுகளில் நிற்கவைக்கும் பழுதும் உண்டு, ஏமாற்றும் பழுதும் உண்டு. இரண்டாவது வகையைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பொறியாளரின் வேலை.

இந்த இடத்தில் ஒரு நிகழ்வைச் சொல்லலாம். 2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில், ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பஹானகா பஜார் நிலையத்தில் நேர்ப்பாதைக்கான பச்சை சிக்னலைப் பெற்றும், கிளைப்பாதைக்குள் திரும்பி, அங்கு நின்ற சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் சுற்றில் செய்யப்பட்ட மாற்று இணைப்பு வேலைகளில் இருந்த குறையே காரணம் என்று விசாரணை கூறியது. பச்சை விளக்கு பொய் சொல்லக்கூடாது என்பதன் பொருள் செல்லோ டேப்பைப் பார்த்த பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. சிறு வகுப்புகளில் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

இரண்டாம் கட்டம்: தானாகப் போய் வரட்டும்

உயர்நிலை வகுப்புகளுக்கு இது. பலகையின் ஒரு முனையில் மோட்டாரை நிலையாகப் பொருத்தி, அதன் உருளைக்கும் மறுமுனையில் உள்ள கப்பிக்கும் இடையே நூலை வளையமாக மாட்டி, வண்டியை அந்த நூலில் கட்டவும். மோட்டார் இருபுறமும் சுழல, வண்டி போய்வரும். நூல்தான் இழுக்கிறது என்பதால், பட்டைகள் வண்டி இருக்குமிடத்தை அறிய மட்டும் பயன்படும்.

ஒவ்வொரு பச்சை எல்.இ.டி.க்கும் எதிரே ஓர் ஒளி உணரியை வைத்து, இரண்டையும் பேனா மூடி போன்ற கறுப்புக் குழாயால் மூடவும். ஒளி உணரியின் ஒரு காலை 5 வோல்ட்டுக்கும், மறு காலை ஆர்டுயினோவின் அனலாக் உள்ளீட்டுக்கும் இணைத்து, அந்த உள்ளீட்டிலிருந்து 10 கிலோ ஓம் மின்தடையைத் தரைமுனைக்குக் கொடுக்கவும். வெளிச்சம் இருந்தால் எண் உயரும், இருட்டானால் இறங்கும். ஒளி உணரியின் ஒயர் அறுந்தாலும் எண் இறங்கும், அதாவது 'பாதை காலி இல்லை' என்றே பொருள்படும். மென்பொருளிலும் நம் விதி தொடர்கிறது. கறுப்பு மூடி விலகினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஜன்னல் வெளிச்சமே பொய்ப் பச்சை ஆகிவிடும் என்று அவர்களே சொல்வார்கள்.

முனைச் சுவிட்சுகளையும் இதே போல அமைக்கவும்: வண்டி இடிக்காத வரை சுற்று மூடியிருக்க வேண்டும், இடித்தாலோ ஒயர் அறுந்தாலோ திறக்க வேண்டும். திறந்தால் அந்தத் திசையில் மோட்டார் நிற்கும்.

நிரல் எழுதும் முன் தமிழில் விதிகளை எழுதவைக்கிறேன். பூந்தமல்லியிலிருந்து புறப்படும் முன் முல்லைத்தோட்டமும் கரையான்சாவடியும் காலியா என்று பார். இரண்டும் காலி என்றால் மட்டும் புறப்படு. முனைச் சுவிட்சைத் தொட்டதும் நில். பத்து விநாடி காத்திரு. திரும்பும் முன் மீண்டும் பார்.

பிறகு சிக்கல் வருகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ ஓர் ஸ்டீல் கரண்டியைக் கரையான்சாவடிப் பட்டைகளின் குறுக்கே வைத்துவிட்டால்? அங்கே இருட்டானது நம் வண்டியாலா, வேறு வண்டியாலா? வரிசையைப் பார்த்தால் விடை கிடைக்கும். நம் வண்டி முல்லைத்தோட்டத்தைத் தொடாமல் கரையான்சாவடிக்குள் வர முடியாது. முல்லைத்தோட்டம் நிரம்பும் முன்பே கரையான்சாவடி நிரம்பினால், அது வேறு வண்டி, உடனே நிறுத்து. நடுவில் குட்டைப் பிரிவு வைத்ததன் காரணம் இதுதான். இந்த விதியை மாணவர்கள் கண்டுபிடிக்க ஒரு முழுப் பாடவேளை ஆகலாம். அவசரப்படுத்த வேண்டாம்.

இப்படி மாதிரி ரயிலின் சுற்றுகளில் மூழ்கியவர்களுக்குக் கணினி வரலாற்றிலும் இடமுண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்ற மாணவர்கள், தொலைபேசி ரிலேக்களைக் கொண்டு தங்கள் பாதையை இயக்கினார்கள். அவர்களில் சிலர் பின்னர் அங்கிருந்த கணினிகளுக்கு நிரல் எழுதும் முன்னோடிகளானார்கள்.

எந்தப் பாடத்தோடு இணைக்கலாம்?

அறிவியலில் திறந்த சுற்று, மூடிய சுற்று, குறுக்குச் சுற்று, மின்தடை. கணிதத்தில் விகிதம், அலகு மாற்றம், வேகம்: மணிக்கு 80 கி.மீ. வேகம் 1:87 அளவில் விநாடிக்கு 25.5 செ.மீ.; அந்த வேகத்தில் நம் பலகையைக் கடக்க எத்தனை விநாடி? கணினி அறிவியலில் நிபந்தனைக் கூற்றுகள். தமிழில், 'ஓட்டுநர் இல்லாத ரயிலில் என் பாட்டியை ஏற்றுவேனா?' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. அவரவர் அட்டவணையைச் சான்றாகக் காட்டி எழுத வேண்டும். வானவில் மன்றச் செயல்பாடுகளோடும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மதிப்பீட்டுக்கு ஒரே ஒரு கேள்வி கொடுக்கிறேன்: "உன் பாதையில் இன்னும் பிடிபடாத ஒரு பழுதைச் சொல், அதை எப்படி அறிவாய்?" வண்டி நன்றாக ஓடியதற்கு மதிப்பெண் குறைவு, பழுதைக் கண்டுபிடித்ததற்கு அதிகம்.

கவனிக்க வேண்டியவை

ஸ்டீல் நாரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் நேராகத் தொடவிடக் கூடாது. அது சூடாகித் தீப்பிடிக்கும். மின்தடை இல்லாமல் எந்தப் பிரிவையும் இணைக்கக் கூடாது. வீட்டு மின்சாரத்தை எந்தக் கட்டத்திலும் பயன்படுத்த வேண்டாம். தண்டவாளத்தில் மின்சாரம் பாய்கிறது என்பதைச் சோதித்துப் பார்க்க உண்மையான ரயில்பாதைக்கு யாரும் போகக்கூடாது என்பதை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

தொடங்க விரும்பும் ஆசிரியர்கள் மூன்று பிரிவுகளையும் ஒரே நாளில் செய்ய முயல வேண்டாம். ஓர் அடி அட்டை, இரண்டு அலுமினியப் பட்டைகள், ஒரு பச்சை விளக்கு, ஒரு கரண்டி. ஒரு பாடவேளைக்கு இது போதும். கரண்டியைக் குறுக்கே வைத்ததும் விளக்கு அணையும். 'ஏன் அணைய வேண்டும், ஏன் எரியக் கூடாது?' என்ற கேள்வியோடு மணி அடிக்கட்டும்.