போதையா, சீனி இறக்கமா?



"டிரெசர் ஐயா, நேத்து ராத்திரி ரெண்டு கிளாஸ் சம்சு போட்டேன். காலையில குத்திப் பார்த்தா சீனி நாலுதான் காட்டுது. உங்க மாத்திரையை விட இதுவே நல்லா கேட்குதே!"

நம் தோட்டத்து அண்ணன் ஒருவர் இப்படிச் சொல்லிச் சிரித்தார். கசப்பான சரக்கு இனிப்பைக் கொன்றுவிடும் என்பது அவர் கணக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாலு, மருந்து கேட்டதற்கு அடையாளம் அல்ல. அவர் ஈரல் கடையை மூடிவிட்டதற்கு அடையாளம்.

ஈரலைத் தோட்டத்து ஸ்டோர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாம் சாப்பிடாத நேரத்திலும், தூங்கும் நேரத்திலும் ரத்தத்துக்குச் சீனி அளந்து போடுவது அதுதான். சாராயம் உள்ளே போனதும் ஸ்டோர் கிராணி மற்ற வேலையை விட்டுவிட்டு, அந்த நஞ்சை அகற்றப் போய்விடுகிறார். அதுவரை புதிதாகச் சீனி செய்யும் வேலை நின்றுபோகிறது. வயிற்றில் சோறு இருந்தால் சமாளிக்கலாம். வெறும் வயிறு, நாள் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டிய உடம்பு, அதற்கு மேல் சீனியை இறக்கும் மாத்திரையோ ஊசியோ என்றால் சீனி மடமடவென்று இறங்கும். குடித்த உடனே அல்ல, நடுநிசியில் இறங்கலாம், மறுநாள் வேலைக்காட்டிலும் இறங்கலாம். 24 மணி நேரம் வரை இந்த ஆபத்து உண்டு.

இதிலே பெரிய கொடுமை என்ன தெரியுமா? சீனி இறங்கியவனும் குடித்தவனும் பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள். தள்ளாடுவான், உளறுவான், காரணமில்லாமல் கோபப்படுவான், அப்படியே சாய்ந்துவிடுவான்.

சென்ற ஆண்டு ஒரு சம்பள நாள். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் மத்தியானம் சாப்பிடவில்லை. மாலையில் கிளிக்லசைட் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கூட்டாளிகளோடு குடித்துவிட்டு வீடு வந்தார். ராத்திரி பத்து மணிக்குச் சட்டை நனைய வேர்த்து, கை நடுங்கி, பெண்டாட்டியை யாரென்று கேட்டிருக்கிறார். "போதை, படுக்க வை, காலையில தெளிஞ்சிடும்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். பள்ளியில் படிக்கும் மகள்தான் அப்பாவின் கருவியை எடுத்து விரலைக் குத்திப் பார்த்தாள். 2.1. சீனித் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தார். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் இறங்கியது. அந்த மாத்திரை உடம்பில் வெகுநேரம் நிற்கும். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். தெளியட்டும் என்று விட்டிருந்தால் அவர் காலையில் எழுந்திருப்பாரா என்பது சந்தேகமே.

2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நாட்டிலுள்ள வயது வந்த இந்தியர்களில் 100-க்கு 31 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் லயத்து வீடுகளையே எண்ணிப் பாருங்கள். கள்ளுக்கடையை மூடு என்று 1941-லேயே கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தில் நம் பெரியவர்கள் கேட்டார்கள். அந்தச் சண்டை வேறு. அன்று சம்பளம்தான் கரைந்தது. இன்று அதோடு மாத்திரையும் சேர்ந்திருக்கிறது.

குடிக்காமல் இருப்பதே நல்லது. டிரெசர் வேறு என்ன சொல்வான் என்பீர்கள். ஈரல் கெட்டவர்கள், கணையம் வீங்கியவர்கள், கால் மரத்துப் போனவர்கள், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மெட்ஃபோர்மின் சாப்பிட்டுக்கொண்டு அளவுக்கு மீறிக் குடிப்பவருக்கு ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து வரலாம். ஆனாலும் தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் குடிக்கப் போகிறவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் சோறு, பிறகுதான் கிளாஸ். ஆண்களுக்குச் சின்ன டின் பீர் இரண்டு, பெண்களுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். ஆண்களும் ஒன்றோடு நிறுத்தினால் மெத்த நல்லது. 40 சதவீதச் சம்சு அரை கிளாஸ், அதாவது 100 மில்லி, இரண்டரை டின் பீருக்குச் சமம். பார்க்கக் கொஞ்சமாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். கள் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. காலைக் கள்ளில் சீனி, மாலைக் கள்ளில் போதை. லேபிள் இல்லாத மலிவுச் சரக்கு எந்த நாளும் வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து எத்தனை பேர் மாண்டார்கள்!

குடிக்கப் போகிறோமே என்று மாத்திரையையோ ஊசியையோ நீங்களாகவே நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் கூச்சப்படாமல் கேளுங்கள், திட்டமாட்டோம். படுக்கும் முன் விரலைக் குத்திப் பாருங்கள். 5.6-க்குக் கீழே இருந்தால் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட்டுப் படுங்கள்.

தாய்மார்களே, இது உங்களுக்கு. இனிப்புநீர்க்காரர் குடித்துவிட்டு வந்து வேர்த்தால், நடுங்கினால், உளறினால், போதை என்று முடிவு கட்டாதீர்கள். கருவியில் 4-க்குக் கீழே காட்டினாலும் சரி, கருவியே இல்லாவிட்டாலும் சரி, விழுங்க முடிந்தால் அரை கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கலக்கிக் கொடுங்கள். சீனி இல்லாத கோப்பியோ, மோரோ, தலையில் ஊற்றும் பச்சைத் தண்ணீரோ உதவாது. பதினைந்து நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்ததும் சோறு. அன்றிரவு தனியாகத் தூங்க விடாதீர்கள், இடையில் எழுப்பிப் பாருங்கள்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐக் கூப்பிடுங்கள். போனில் "குடிச்சிட்டு விழுந்துட்டாரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். இனிப்புநீர் இருக்கிறது, இன்ன மாத்திரை, இத்தனை மணிக்குப் போட்டார் என்றும் சொல்லுங்கள். மாத்திரைப் பையையும் கிளினிக் புத்தகத்தையும் ஆம்புலன்ஸில் கூடவே கொடுத்து அனுப்புங்கள்.