ஆள் வராத பெட்டி

"யாரோ ஒருத்தன் வரலையாம், அவன் பெட்டியை இறக்கணுமாம். முக்கால் மணி நேரம் உட்கார வச்சுட்டான் சார். லேட்டை மறைக்க அவங்க விடற கதை இது!" போன மாதம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது. விமானத்தில் பெட்டி ஏற்றும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இதை எத்தனை பந்தியில்தான் கேட்பது? பாயசம் ஆறினாலும் பரவாயில்லை என்று ஆரம்பித்தேன்.

1985 ஜூன் 22. கனடாவின் வான்கூவரில் எம். சிங் என்ற பெயரில் ஒருவன். டொரன்டோவில் மாற வேண்டிய ஏர் இந்தியா விமானத்தில் இருக்கை உறுதியாகவில்லை. ஆனாலும் பெட்டிக்கு அந்த விமானம்வரை டேக் போடச் சொல்லி அடம்பிடித்தான். பின்னால் நீண்ட வரிசை. கவுன்ட்டரில் இருந்தவர் ஒத்துக்கொண்டார். பெட்டி ஏறியது, அவன் ஏறவில்லை. டொரன்டோவில் அது ஏர் இந்தியாவுக்கு மாறியபோதும், பெட்டிக்கு ஆள் இருக்கிறானா என்று யாரும் தலை எண்ணவில்லை. மறுநாள் அயர்லாந்து அருகே கடலுக்கு மேல் 'கனிஷ்கா' என்ற அந்த ஏர் இந்தியா விமானம் வெடித்தது. 329 பேர் பலி. அதே நாள், வான்கூவரில் ஏறிய இன்னொரு ஆளில்லாப் பெட்டி டோக்கியோவின் நரிட்டாவில் வெடித்தது. இறந்தவர்கள் பெட்டி மாற்றிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகள். எங்கள் தொழில்காரர்கள்.

கனடாவுக்குப் போவானேன்? அதற்கு முந்தைய ஆண்டு, ஆகஸ்ட் 2, மீனம்பாக்கம். கொழும்பு விமானத்துக்குப் பெட்டி கொடுத்தவன் ஏறவில்லை. பெட்டி நிலையத்திலேயே வெடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

"அதான் எக்ஸ்ரே இருக்கே?" டொரன்டோவிலும் இருந்தது. அன்று பார்த்துப் பழுதாகி, கைக்கருவியை வைத்து ஒப்பேற்றினார்கள். உயிரை விடத் துணிந்தவனைத் தலைக்கணக்கு தடுக்காதுதான். நழுவுகிறவனைத் தடுக்கும்.

அவருடைய அடுத்த புகார்: சோதனையில் தண்ணீரைப் பிடுங்குவது உள்ளே கடையில் விற்கவாம். 2006 ஆகஸ்டில் லண்டனில் சிக்கிய கும்பல் குளிர்பான பாட்டிலில் வெடிதிரவம் கொண்டுபோகத் திட்டமிட்டிருந்தது. வெளிநாட்டு விமானங்களின் 100 மில்லி கணக்கு அதில் பிறந்தது. உள்ளே விலை கொள்ளை என்பது வேறு வழக்கு. காலி பாட்டில் கொண்டுபோங்கள்.

சரி, அந்த முக்கால் மணி நேரத்துக்கு யார் காரணம்? பெரும்பாலும் தோசைக் கடையில் உட்கார்ந்திருக்கும் ஆசாமி. அவனை மட்டும் திட்ட மாட்டேன். அமைதி, நாகரிகம் என்று பல விமான நிலையங்களில் அறிவிப்பையே நிறுத்திவிட்டார்கள். திரையில் எழுத்து ஓடுமாம், பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கண் மங்கிய என் அத்தை எதைப் பார்ப்பாள்? பெயர் சொல்லித் தமிழில் இரண்டு தடவை கூப்பிடுங்கள். கை கழுவாமல்கூட ஓடி வருவான்.