சிறு இணையதளமும் அதன் வாயிற்காவலும்

முன்னுரை

ஊர் வரலாறு, சிறு பத்திரிகை, கடையின் விலைப்பட்டியல் என இன்று எத்தனையோ சிறு இணையதளங்கள் நடைபெறுகின்றன. அவற்றுக்கு விரைவும் காவலும் ஒருங்கே தருவதாகப் பல நிறுவனங்கள் முன்வருகின்றன. எதை ஏற்பது? எதைப் பார்த்து ஏற்பது? நான் கற்றறிந்த அளவில் இங்கு ஆராய முற்படுகிறேன்.

தொலைவும் தாமதமும்

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கும் இடைத்தொலைவு 13,000 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே செய்தி ஒருமுறை போய்வரவே 130 மில்லிநொடிக்குக் குறையாது. தொடர்பு ஏற்படுத்த ஒருமுறை, பூட்டுச் சாவியைப் பேசிக்கொள்ள ஒருமுறை, பக்கத்தைப் பெற ஒருமுறை என மும்முறை போய்வர வேண்டும். எத்துணை விலையுயர்ந்த சர்வரும் இத்தாமதத்தைப் போக்காது.

தலைமை நூலகத்து நூலின் படிகளைக் கிளை நூலகங்களில் வைப்பதுபோல், பக்கங்களின் படிகளைப் பல நகரங்களில் வைத்து, வாசகருக்கு அருகிலிருந்து வழங்குவதே சிடிஎன் என்னும் முறை. 1998-இல் தொடங்கப்பெற்ற அகமாய் இதில் முன்னோடி. 2010-இல் வந்த கிளவுட்பிளேர் இதனை இலவசமாகவும் வழங்கிச் சிறு தளங்களுக்கு எட்டச் செய்தது. ஆனால் வாசகர் அனைவரும் ஓர் ஊரினர், சர்வரும் அவ்வூரிலேயே எனில், விரைவுக்காக இதனை நாட வேண்டியதில்லை.

காவலின் எல்லை

ஆயிரக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றி, ஒரே வேளையில் ஒரு தளத்தின்மீது ஏவுவதே டிடாஸ் தாக்குதல். இணையக் குற்றங்களைப் பற்றி எழுதும் பிரையன் கிரெப்ஸ் என்னும் செய்தியாளரின் தளம், 2016 செப்டம்பர் 20 அன்று நொடிக்கு ஏறத்தாழ 620 கிகாபிட் அளவிலான வெள்ளத்துக்கு இலக்காயிற்று. அத்தளத்தை அகமாய் கட்டணமின்றிக் காத்து வந்தது. தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆயினும் கட்டணம் செலுத்துவோருக்கு இடையூறு நேரும் நிலையில், இலவசக் காவல் விலக்கப்பட்டது. தளம் சில நாள் மறைந்து, கூகுளின் புராஜெக்ட் ஷீல்டு என்னும் காவலின்கீழ் செப்டம்பர் 25 அன்று மீண்டது. இலவசம் என்பது சலுகை, உரிமையன்று. இதுவே நாம் கொள்ளத்தக்க பாடம்.

நம்பிக்கையின் விலை

நடுவில் நிற்பவர் கடிதத்தின் உறையைப் பிரித்துப் பார்த்தே காவல் புரிகிறார். கடவுச்சொல்லும் அவர் கைவழியே செல்கிறது. கிளவுட்பிளேரின் நிரற்பிழையால் பிறர் தளங்களின் தரவுத் துணுக்குகள் கசிந்தமை 2017 பிப்ரவரியில் வெளிப்பட்டது. மேலும், காவலர் வீழ்ந்தால் காக்கப்படுவோரும் வீழ்வர். 2021 ஜூன் 8 அன்று பாஸ்ட்லி நிறுவனத்தின் மறைந்திருந்த பிழையொன்று, வாடிக்கையாளர் ஒருவரின் முறையான அமைப்பு மாற்றத்தால் விழித்தெழ, உலகின் பெரும் தளங்கள் பல சுமார் ஒரு மணிநேரம் முடங்கின.

தேர்வு நெறிகள்

எனவே நான்கு வினாக்களைக் கேட்டுத் தேர்வது நலம் என்பது என் கருத்து.

1. தளத்தின் பெயர்ப் பதிவு நம் பெயரில், காவல் நிறுவனத்தின் கைக்குப் புறத்தே உள்ளதா?
2. சர்வரின் உண்மை முகவரி மறைந்துள்ளதா? காவலர்வழி வருவோரை மட்டுமே சர்வர் ஏற்கிறதா? இல்லையேல் முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்து வைத்தவராவோம்.
3. தாக்குதலால் பெருகும் போக்குவரத்துக்கும் நம்மிடமே கட்டணம் கேட்பார்களா?
4. தளத்தின் முழுப்படி நம்மிடம் உண்டா? ஒரே நாளில் வேறிடம் மாற இயலுமா?

முடிவுரை

விரைவை விளம்பரத்தில் காணலாம்; விலகும் வழியை ஒப்பந்தத்தில்தான் காண வேண்டும். நல்ல காவலரை அமர்த்துவோம். வீட்டுச் சாவி மட்டும் நம் இடுப்பிலேயே இருக்கட்டும்.