தங்க மீன் தொட்டியில் தெளிந்த நீர் மட்டும் போதுமா?

வீட்டின் பின்புறம் சிமெண்ட் தொட்டி கட்டித் தங்க மீன் வளர்க்கும் விவசாய அன்பர்கள் பலர், நீர் பச்சையாகிறது, கலங்குகிறது என்று குறை கூறுவதுண்டு. உடனே தொட்டி நீர் முழுவதையும் இறைத்துவிட்டுப் புது நீர் நிரப்புகின்றனர். சில நாட்களில் நீர் மீண்டும் பச்சையாகிறது, மீன்களும் மடிகின்றன. தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு என்பதை அறிந்து வடிகட்டி அமைத்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

நீர் கெடுவது ஏன்?

மீனின் செவுள் வழியாகவும், கழிவும் மிஞ்சிய தீவனமும் அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. இதற்கு நிறமில்லை. எனவே பளிங்கு போன்ற நீரிலும் மீன் சாகக்கூடும். நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும்.

வயலில் இடும் அம்மோனியம் உரத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களை அறிவீர்கள். அதே வகை நுண்ணுயிர்களே தொட்டியிலும் அம்மோனியாவை மாற்றுகின்றன. வடிகட்டி என்பது அவை தங்கி வாழும் வீடு. அவை பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீன்களைக் குறைவாகவே விட வேண்டும்.

வடிகட்டி அமைக்கும் முறை

10 அடி நீளம், 6 அடி அகலம், இரண்டரை அடி ஆழமுள்ள தொட்டி சுமார் 4,200 லிட்டர் கொள்ளும். இதற்கு மணிக்கு 2,000 லிட்டர் இறைக்கும் சிறிய நீர்மூழ்கி மோட்டாரும், 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டும் போதும்.

1. முதல் டிரம்மில் நீர் அடிப்பகுதியில் நுழைந்து மேலே வழிய வேண்டும். உள்ளே நைலான் வலைகளைச் சுருட்டி வைத்தால் கழிவு படியும்.

2. சற்றுத் தாழ்வாக வைத்த இரண்டாவது டிரம்மில் அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி, அதன்மேல் முக்கால் அங்குல ஜல்லி, மேலே அரை அங்குல ஜல்லி பரப்பவும். மணல் விரைவில் அடைத்துக்கொள்ளும், வேண்டாம். இதிலும் நீர் கீழிருந்து மேலேறி, தொட்டியில் அருவிபோல் விழட்டும். பிராண வாயு கிடைக்கும்.

3. இரு டிரம்களின் அடியிலும் வடிகால் குழாய் வைக்கவும். மின்சாரம் பல மணி நேரம் நின்றிருந்தால், டிரம்களில் தேங்கிய நீரை வெளியேற்றிய பின்பே மோட்டாரை இயக்கவும்.

ஜல்லியைத் தொட்டி நீரிலேயே இலேசாக அலசவும். குளோரின் கலந்த குழாய் நீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் மடியும்.

கவனிக்க வேண்டியவை

நம் பகுதியில் பனியன் வேஸ்ட் எளிதில் கிடைக்கும். அதை வடிகட்டியில் இடக்கூடாது. பருத்தித் துணி நீரில் மக்கிப் பிராண வாயுவைக் குறைக்கும். சாயம், இரசாயனம் வந்த பழைய டிரம்மும் கூடாது.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட வேண்டாம். அது மீனுக்கு நஞ்சு. மடிந்த பாசியும் அழுகி மீன்களைத் திணறடிக்கும். தொட்டியின் பாதிக்கு நிழல் தருவதும், ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவே தீவனம் இடுவதும், 15 அல்லது 20 மீன்களுக்கு மேல் விடாதிருப்பதுமே சிறந்த மருந்து.

உப்பை ஜல்லி நீக்காது

2011-ம் ஆண்டு, கழிவுநீரை வெளியேற்றாத முறையைக் கைக்கொள்ளாத சாயச் சாலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக்கழிவிலுள்ள உப்பைப் பிரிக்க நுண்சவ்வுகளும் ஆவியாக்கும் கலன்களும் தேவைப்படுகின்றன. அத்தகைய உப்பு நமது ஜல்லி டிரம்மில் தங்குமா? கிணற்று நீர் உப்பாயின் வடிகட்டி உதவாது. வெயிலில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும்.

எனவே வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 800 லிட்டர் நீரை வெளியேற்றிப் புது நீர் விடவும். கூரையில் விழும் மழைநீரைச் சேமித்துக் கலப்பது மிக நன்று. வெளியேற்றும் நீரில் தழைச்சத்து உண்டு, தென்னைக்குப் பாய்ச்சலாம். உப்பு நீராயின், உப்பைத் தாங்காத பீன்ஸ் பயிருக்கு விட வேண்டாம்.

தொட்டி கட்டுமுன் கிணற்று நீரை மண் மற்றும் நீர் பரிசோதனை நிலையத்தில் ஆய்வு செய்து கொள்ளுங்கள். வேண்டாத மீன்களை நொய்யலிலோ ஊர்க் குளத்திலோ விட்டுவிடாதீர்கள். அவை அடிமண்ணைக் கிளறி அங்குள்ள நீரையும் கலக்கிவிடும்.