பனிமலையடியில் ஓர் ஆலையூர்

தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா நாட்டில், ஆண்டீஸ் மலையடியில் திரெவெலின் என்னும் சிற்றூர் உள்ளது. வேல்ஸ் மொழியில் அதன் பொருள் 'ஆலையூர்'. அப்பெயர் அங்கே சென்ற கதையை நாம் அறிந்துகொள்வோம்.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், அக்காலப் பள்ளிகள் பலவற்றில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டனை பெற்றனர். தம் மொழியிலேயே வாழ விரும்பிய ஏறத்தாழ 150 பேர், 1865ஆம் ஆண்டு 'மிமோசா' என்னும் கப்பலேறிப் படகோனியாக் கரையை அடைந்தனர். நிலமோ வறண்டது. தெகுவெல்சே பழங்குடியினர் இறைச்சி தந்து ரொட்டி பெற்றனர், வேட்டையாடவும் கற்பித்தனர். அவர்கள் உதவியின்றி இவர்கள் பிழைத்திருப்பார்களா என்பது ஐயமே. பின்னர்ச் சுபுத் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கோதுமை விளைவித்தனர்.

நிலம் போதவில்லை. 1885இல் ஒரு குழுவினர் குதிரையேறி மேற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் சென்று, மலைகளிடையே பசும்பள்ளத்தாக்கு ஒன்றைக் கண்டனர். பனி பொழியும் அவ்விடத்தில், தொலைவிலிருந்து வரும் மாவை நம்பி அடுப்பு மூட்ட முடியுமா? கோதுமையைத் தாமே விதைத்தனர். அரைக்க ஆலையும் அமைத்தனர். மிமோசாவில் குழந்தையாக வந்த ஜான் டேனியல் எவான்ஸ் அவ்வூரின் ஆலைக்காரரானார்.

அப்பள்ளத்தாக்கு எந்த நாட்டிற்குரியது என்ற வழக்கு எழுந்தபோது, 1902இல் குடியேறியோர் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடி அர்ஜென்டினாவைத் தேர்ந்தனர். வேல்ஸ் மொழியையும் ஸ்பானிய மொழியையும் கற்பிக்கும் பள்ளியொன்று 2016இல் திரெவெலினில் திறக்கப்பட்டது.