டேப் ஒட்டிய பட்டன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாதுகாப்புக் குழுவுக்குத் தொழிலாளர் தரப்பில் உன்னைத் தேர்ந்தெடுத்ததாக அக்கா போனில் சொன்னாள். சந்தோஷம். பயிற்சிக்கும் அனுப்புகிறார்களாமே, போய் வா. ஹெல்மெட், ஷூ, தீயணைப்பானைப் பிடிக்கும் விதம் என்று சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதோடு எழுந்து வந்துவிடாதே.

நீ இருப்பது பிரஸ் ஷாப். பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் ஏன் என்று உனக்குத் தெரியும்: இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் விரல் போகாது. அதில் ஒன்றை யாரோ அழுத்தியபடியே டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள். சூப்பர்வைசர் பார்த்தால் "ஆபரேட்டரின் அலட்சியம்" என்று எழுதுவார். நீயும் அதையே எழுதினால் உன்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள்? பக்கத்தில் நின்று பார். பீஸ் டையில் ஒட்டிக்கொள்கிறதா? எடுக்க இடுக்கி கொடுத்தார்களா? மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டை இரண்டு கையாலும் அழுத்தி எட்ட முடியுமா? டேப் போட்டவனையே கேள், காட்டிக்கொடுக்க மாட்டாய் என்று நம்பினால் சொல்வான். இப்படிக் கேட்கக் கற்றுத்தருவதுதான் பயிற்சி. மெஷினை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே வகுப்பு நடத்தச் சொல்லிக் கேள்.

கேட்பதற்கு உனக்குச் சட்டமும் இருக்கிறது. 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான தொழில்களில் நிர்வாகத்துக்குச் சமமான எண்ணிக்கையில் தொழிலாளரும் பாதுகாப்புக் குழுவில் இருக்க வேண்டும் என்று அப்போதுதான் சேர்த்தார்கள். பாதுகாப்புப் பயிற்சி பெறுவது தொழிலாளியின் உரிமை என்றும் எழுதினார்கள். 2020இன் புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும், குழுவில் தொழிலாளர் எண்ணிக்கை நிர்வாகத்தரப்பைவிடக் குறையக்கூடாது. உடனடி ஆபத்து என்று பட்டால் தொழிலாளி நேராகவோ குழு உறுப்பினர் மூலமாகவோ முதலாளியிடம் சொல்லலாம், கூடவே ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். அந்தக் குழு உறுப்பினர் இனி நீதான்.

மேடைப் பேச்சு உனக்கு வராது என்று கவலைப்படாதே, அது தேவையே இல்லை. குழுக் கூட்டத்தின் மினிட்ஸ் புத்தகம்தான் முக்கியம். "இடுக்கி வழங்க ஆவன செய்யப்படும்" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதே. யார் வாங்கித் தருவார், எந்தத் தேதிக்குள் என்று எழுதச் சொல். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதைப் படிக்கச் சொல். முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, டீ ஆறினாலும் பரவாயில்லை.

பயிற்சிக்குக் கிளம்பும் முன் விபத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள். தரத் தயங்கினால் எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
மாமா