அபினும் வளரும் சேயும்

‘கருவிலே திருவுடையார்’ என்று ஆன்றோரைப் பாராட்டுதல் நம் வழக்கு. கருவில் எய்தும் திருவைப் பேசும் நாம், கருவில் எய்தும் கேட்டையும் அறிந்திருத்தல் வேண்டும். அத்தகையதொரு கேட்டினைக் குறித்து எலிகளிடத்து நிகழ்ந்த ஆராய்ச்சிகள் உணர்த்துவனவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

கசகசாச் செடியின் முதிராத காயினின்று வடியும் பாலே அபின். அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது மோர்பின். ஆய்வுகூடத்தில் ஆக்கப்படுவது மெதடோன். இவற்றை ஏற்கும் வாங்கிகள் மூளையில் உள்ளன என்பது 1973ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. புறத்திருந்து வரும் அபினுக்கென உடலில் இடம் அமைந்தது ஏன்? ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் என்னும் அறிஞர் 1975இல் விடை கண்டனர். மூளை தானே அபினை நிகர்த்த பொருள்களை ஆக்குகின்றது. அவ்விடங்கள் அவற்றுக்கே உரியன.

அப்பொருள்கள் வளர்ச்சிக்குக் கடிவாளமாகவும் அமைவன. 1983இல் அமெரிக்க ஆராய்ச்சியாளரான சாகனும் மக்லோக்லினும், பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு அவ்வாங்கிகளை நாள் முழுதும் அடைக்கும் மருந்தினைக் கொடுத்தனர். குஞ்சுகளின் மூளை வழக்கத்தினும் பெரிதாய் வளர்ந்தது. எனவே, தாய் உட்கொள்ளும் அபின் சூல்வித்தகத்தைக் கடந்து சேயை அடையுங்கால், அக்கடிவாளம் வேண்டாத வேளையிலும் இறுக்கப்படுகின்றது எனலாம்.

எலி ஏறத்தாழ மூன்று கிழமை சுமந்து ஈனும். குஞ்சின் முதற்கிழமை மூளை வளர்ச்சி, மனிதக் கருவின் இறுதி மும்மாத வளர்ச்சியை ஒருவாறு ஒக்கும். ஆதலின் பிறப்பின் முன்னும் பின்னும் ஆராய்கின்றனர். மருந்துற்ற குஞ்சுகள் பல எடை குறைந்து பிறந்தன; மெல்ல வளர்ந்தன; நோவை உணருந் திறத்திலும் கற்குந் திறத்திலும் வேறுபட்டன.

ஆயின், இவை முழுதும் மருந்தின் விளைவோ? மருந்துற்ற தாய் குஞ்சுகளைச் சரிவரப் பேணாதிருத்தலுங் கூடும். இதனைத் தெளிதற்குக் குஞ்சுகளை மருந்துறாத வேறொரு தாயிடம் விட்டு வளர்ப்பர். நற்றாய், செவிலித்தாய் என நம் அகப்பாடல்கள் பிரித்துக் காட்டும் இருவர் ஆய்வுகூடத்திலும் தோன்றுகின்றனர்! பேணலின் ஆற்றலோ பெரிது. தாய் மிகுதியாக நக்கிப் பேணிய குஞ்சுகள், வளர்ந்தபின் இடுக்கண் நேருங்கால் கலக்கம் குறைந்து விளங்கின என்று மொன்றியல் நகரின் மைக்கல் மீனியும் துணைவரும் 1997இல் வெளியிட்டனர்.

எலிக்கு உற்றதெல்லாம் மனிதர்க்கும் உறும் எனத் துணிதல் தவறு. இப்பழக்கத்தில் வீழ்ந்த கருவுற்ற தாய், அதனைத் திடீரெனத் தானே கைவிடுதலும் ஆபத்தாகலாம்; வைத்தியரின் மேற்பார்வையிலேயே சிகிச்சை பெறுதல் வேண்டும். அவளைப் பழித்தொதுக்கின் வைத்தியரை நாட அஞ்சுவாள். அதனால் நலிவது சேயே. ஆசிரியராகிய நாமும், பின்தங்கிய மாணாக்கனைக் கண்டு ‘இவன் பிறவியே இப்படி’ என்று தீர்ப்புக் கூறாதிருப்போமாக. கருவறையில் இழந்ததனைத்தையும் வகுப்பறை மீட்டுத் தாராது. எனினும் செவிலியின் பணி நம் கையிலும் உண்டு.